நான் எடுத்த இரண்டு கமாக்கள்

போன மாதம் ஒரு இளம் வக்கீல் என் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு கிரயப் பத்திரம், அதோடு அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு. மொழிபெயர்ப்பைப் போனே செய்து கொடுத்துவிட்டதாம், ஒரு நிமிஷம்கூட ஆகவில்லையாம். கடைசியில் ‘உண்மையான மொழிபெயர்ப்பு’ என்று எழுதி நான் கையெழுத்துப் போட்டால் போதும் என்றார். தென்காசியில் என் கையெழுத்துக்கு இன்னும் மதிப்பு இருக்கிறது என்று சிரித்துக்கொண்டே சொன்னார்.

பத்திரத்தில் ‘செங்கோட்டையில் குடியிருக்கும் என் தம்பி மகன் சுப்பையா’ என்று ஒரு வரி. செங்கோட்டையில் குடியிருப்பது தம்பியா, தம்பி மகனா? தமிழ் அதைச் சொல்லவில்லை. ஆங்கிலம் சொல்லியே ஆகவேண்டும். who என்ற சொல்லை எந்த ஆளின் பின்னால் வைக்கிறோமோ அந்த ஆள்தான் செங்கோட்டைக்காரர். போன் அதை மகனுக்குப் பின்னால் வைத்திருந்தது. யாரிடம் கேட்டு இப்படி வைத்தது என்று கேட்டேன். அவருக்கு என் கேள்வியே புரியவில்லை.

“மீனிங் வந்துட்டுல்லா அக்கா. அது போதும்லா” என்றார்.

நான் கையெழுத்துப் போடவில்லை. முகம் சுண்டிப்போய்த்தான் படியிறங்கினார். ஏன் போடவில்லை என்று சொல்லவேண்டுமானால் என் முப்பத்தொரு வருஷ வேலையைச் சொல்லவேண்டும், அதில் ஒரு வழக்கைச் சொல்லவேண்டும். வாசலில் நிற்கிற ஒருவரிடம் அதைச் சொல்ல முடியாது. அதனால் எழுதுகிறேன்.

என் பெயர் தங்கபுஷ்பம். பள்ளிக்கூடத்தில் adjective clause என்றால் இரண்டு வாக்கியத்தை who, which போட்டு ஒன்றாக்குவது. பத்து வாக்கியம், பத்து மதிப்பெண். அது எதற்கு என்று யாரும் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை. பட்டப்படிப்பில் ஆங்கிலம் எடுத்தேன். இரண்டு மொழியிலும் டைப்ரைட்டிங் ஹையர் முடித்தேன். கல்யாணமாகி ஒன்றரை வருஷத்தில் வீட்டில் சம்பாத்தியம் இல்லாமல் போனதால் காசி விஸ்வநாதர் கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு மாடியில் இருந்த வக்கீல் ஆபீஸில் டைப்பிஸ்ட்டாகச் சேர்ந்தேன். ஆறு மாதத்தில் பத்திரங்களை மொழிபெயர்க்கிற வேலையும் என் தலையில் வந்து விழுந்தது.

அந்த ஆபீஸின் வக்கீலை எல்லோரும் சீனியர் என்பார்கள். சத்தம் போட மாட்டார். தப்பு இருந்தால் தாளை என் மேஜையில் கொண்டுவந்து வைப்பார், உட்கார மாட்டார். சட்டைப் பையில் எப்போதும் ஒரு பச்சைப் பென்சில் இருக்கும். அதால் who-வையோ which-ஐயோ சுற்றி வட்டம் போடுவார். அங்கிருந்து பின்பக்கமாக ஒரு அம்பு இழுப்பார். அம்பு எந்தச் சொல்லில் போய் முடியவேண்டும் என்று நான் விரல் வைத்துக் காட்டவேண்டும். காட்டும்வரை நின்றுகொண்டே இருப்பார். வெளியே கட்சிக்காரர்கள் காத்திருந்தாலும் அசைய மாட்டார்.

சேர்ந்த வருஷமே ஒரு கிணறு வழக்கு. திருவேங்கடம் பக்கம் நாலு ஏக்கர் மானாவாரி நிலம். நிலம் எங்கள் கட்சிக்காரருடையது, அதில் இருந்த கிணறு மட்டும் சுடலைமுத்து என்பவருக்குப் பாத்தியம். நான் ‘the well in the land which belongs to Sudalaimuthu’ என்று அடித்திருந்தேன். பச்சை அம்பு well-ஐ விட்டு land-இல் போய் நின்றது, நிலமே சுடலைமுத்துவுக்கு என்று ஆகியிருந்தது.

“நாலு ஏக்கரை நீ எழுதிக் குடுத்துட்டே, புஷ்பம்” என்றார். அவ்வளவுதான். அவர் போன பிறகு தாளை உருவிக் கசக்கிவிட்டு முழுப் பக்கத்தையும் மறுபடி அடித்தேன். அந்தக் காலத்து மெஷினில் ஒரு சொல்லை இடம் மாற்ற வேறு வழி கிடையாது. அவசரத்தில் மூன்று தாள் வீணானது.

அதற்குப் பிறகு எனக்கென்று ஒரு முறை வைத்துக்கொண்டேன். மூலத்தை மூன்று தடவை வாசிப்பேன். தமிழில் ‘இருக்கும்’, ‘கட்டிய’, ‘வாங்கிய’ என்று பெயருக்கு முன்னால் வருகிற ஒவ்வொரு எச்சத்துக்கும் அடியில் கோடு போடுவேன். அது பக்கத்துப் பெயரோடு ஒட்டுகிறதா, அதற்கடுத்த பெயரோடு ஒட்டுகிறதா என்று பார்ப்பேன். சந்தேகம் வந்தால் பெஞ்சில் இருக்கிற கட்சிக்காரரிடமே போய்க் கேட்பேன். ‘அண்ணாச்சி, மச்சு வீடு உங்களுக்கா உங்க சித்தப்பாவுக்கா?’ என்று கேட்டால் சிரிப்பார்கள். இதுகூடத் தெரியாமல் இங்கிலீஷ் படித்தாயா என்பார்கள். சிரிக்கட்டும் என்று பதிலை ஓரத்தில் குறித்துக்கொள்வேன். பிறகுதான் மெஷினில் தாளை மாட்டுவேன். ஒவ்வொரு பக்கத்துக்கும் சுருக்கொப்பம், கடைசிப் பக்கத்தில் முழுக் கையெழுத்து. மெஷின் போய்க் கம்ப்யூட்டர் வந்தபோதும் இந்த முறையை நான் விடவில்லை. என் மொழிபெயர்ப்பை எதிர்த்தரப்பு ஒருதடவையும் ஆட்சேபித்தது கிடையாது. அதில் எனக்குக் கர்வமும் இருந்தது, ஒளிப்பதற்கில்லை.

இனி அந்த உயில்.

குற்றாலத்தில் எட்டு அறை வைத்து ஒரு சின்ன விடுதி நடத்திவந்தார் ஒரு பெரியவர். மனைவி முன்னமே இறந்துவிட்டார். மூன்று பெண்கள். மூத்தவர்கள் இருவரும் உள்ளூரில் கட்டிக்கொடுக்கப்பட்டு அப்பாவோடு விடுதியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசிப் பெண் கோமதி திருவனந்தபுரத்தில் நர்ஸ். மாதம் ஒருதடவை லீவு கிடைக்கும்போது பஸ் ஏறி வந்து அப்பாவைப் பார்த்துவிட்டுப் போவாள். பெரியவர் இறந்த பிறகு உயிலைப் பிரித்தார்கள். அதில் இருந்த வரி எனக்கு இன்றும் மனப்பாடம்: ‘என் ஆயுளுக்குப் பின் மேற்படி சொத்தை என்னைப் பேணிக் கவனித்து வரும் என் பெண்மக்கள் சர்வ சுதந்திர பாத்தியமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது.’

பெயர் இல்லை. எத்தனை பேர் என்றும் இல்லை. கோமதி கூட இருந்து கவனிக்கவில்லை, ஆகவே அவளுக்குப் பங்கில்லை என்று அக்காமார் இருவரும் சொன்னார்கள். வழக்கானது. கீழ்க்கோர்ட்டில் தமிழிலேயே வாசித்தார்கள். பெண்மக்கள் என்றால் எல்லாப் பெண்மக்களும்தான் என்று தீர்ப்பு. அப்பீலிலும் அதே தீர்ப்பு. அக்காமார் இன்னொரு படி மேலே போனார்கள். அவர்களுடைய வக்கீல்தான் எங்கள் சீனியர். மேல்கோர்ட்டில் அப்போது வழக்கைக் கேட்க இருந்த நீதிபதி வெளிமாநிலத்துக்காரர், தமிழ் வாசிக்கத் தெரியாதவர். ஆகவே உயிலுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும்.

நான் வழக்கம்போல அடித்தேன்: ‘my daughters, who have been taking care of me, shall enjoy the property.’ இரண்டு கமா. ஆங்கிலம் தெரியாதவர்களுக்கு இதை விளக்கவேண்டும். கமா இருந்தால், என் மகள்கள் எல்லோருக்கும் சொத்து, அவர்கள் என்னைக் கவனித்து வருகிறார்கள் என்பது கூடுதலாகச் சொன்ன சேதி. கமா இல்லாவிட்டால், என் மகள்களில் யார் யார் கவனித்தார்களோ அவர்களுக்கு மட்டும் சொத்து. மற்றச் சொற்களில் ஒன்றுகூட மாறாது.

மறுநாள் பதினோரு மணிக்குச் சீனியர் தாளோடு வந்தார். பச்சைப் பென்சிலால் இரண்டு கமாவையும் வட்டமிட்டிருந்தார். அம்பு இல்லை. என் மேஜையில் இருந்த மூல உயிலின் நகலை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார்.

“இந்த ரெண்டு கமாவும் மூலத்துல எங்கன இருக்கு?”

மூலத்தில் இல்லை என்றேன். தமிழில் அந்த இடத்தில் கமா போடுகிற வழக்கமே கிடையாது, ஆங்கிலத்தில் போடாவிட்டால் அர்த்தம் மாறிவிடும் என்றும் சொன்னேன்.

“எந்த அர்த்தம் மாறும்? எல்லா மகளுக்கும்னு மூலத்துல எழுதியிருக்கா?”

“இல்ல சார். கவனிச்சவங்களுக்கு மட்டும்னும் எழுதலை.”

“அப்போ நீ எப்படி ஒண்ணை முடிவு பண்ணுதே? நீ மொழிபெயர்ப்பு எழுதுதியா, தீர்ப்பு எழுதுதியா?”

கமாவை எடுப்பதும் ஒரு முடிவுதான் என்று அந்த நிமிஷமே எனக்குத் தெரியும். நாக்கு வரைக்கும் வந்தது. முப்பது வருஷமாக அந்த மனிதர் என் who-க்களை வட்டமிட்டு அம்பு போட்டவர். கமா இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பது என்னைவிட அவருக்குத் தெரியும். தெரிந்துதான் நிற்கிறார் என்பதும் எனக்குத் தெரிந்தது. நான் சொல்லவில்லை. அப்போது என் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தோம். இது சாக்கு அல்ல, நிலவரம்.

கம்ப்யூட்டரில் இரண்டு கமாவை எடுக்க இரண்டு தட்டு. பிரிண்ட் எடுத்துச் சுருக்கொப்பம் போட்டேன். கடைசியில் ‘உண்மையான மொழிபெயர்ப்பு’ என்பதற்குக் கீழே முழுப் பெயரையும் எழுதினேன். எதிர்த்தரப்பு வக்கீல் புதியவர், ஆட்சேபிக்கவில்லை. அடுத்த வருஷம் தீர்ப்பு வந்தது. கோமதிக்குப் பங்கில்லை. தீர்ப்பின் ஒன்பதாம் பக்கத்தில் என் வாக்கியம் அப்படியே மேற்கோளாக இருந்தது. who-வில் தொடங்கும் பகுதி எந்த மகள்கள் என்பதை வரையறுக்கிறது, உயில் எழுதியவர் யோசித்தே அப்படி எழுதியிருக்கிறார் என்று நீதிபதி சொல்லியிருந்தார். அவரைக் குறை சொல்ல வழியில்லை. கொடுத்த ஆங்கிலத்தை அவர் சரியாகத்தான் வாசித்தார். சீனியர் ஆபீஸில் எல்லோருக்கும் அல்வா வாங்கிக் கொடுத்தார். நானும் தின்றேன்.

ஏழெட்டு மாதம் போயிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் வீட்டுக்கு ஒரு பெண் வந்தாள். எங்கள் தெருவில் ஒரு நர்ஸ் இருக்கிறாள், அவள் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரியில் இவள் புதிதாகச் சேர்ந்தவளாம். நான் வக்கீல் ஆபீஸில் இருப்பதாக மட்டும் கேள்விப்பட்டு வந்திருந்தாள். எந்த ஆபீஸ் என்று அவள் கேட்கவில்லை. பையிலிருந்து எடுத்தது அந்தத் தீர்ப்பின் நகல். பெயர் கோமதி என்றாள், திருவனந்தபுரம் வேலையை விட்டுவிட்டு ஊரோடு வந்துவிட்டாளாம்.

அவளுடைய வக்கீல் ‘போச்சு’ என்று போனில் ஒரு வார்த்தை சொன்னதோடு சரி. ஆங்கிலத்தில் தனக்கு மருந்துச் சீட்டு வாசிக்க வரும், கோர்ட்டுத் தாள் புரியவில்லை, தமிழில் சொல்லுங்கள் என்றாள். நான் முதல் பக்கத்திலிருந்து சொல்லிக்கொண்டு வந்தேன். ஒன்பதாம் பக்கம் வந்தது. என் வாக்கியத்தை நானே தமிழாக்கினேன். வேறு எப்படி வரும்? ‘என்னைக் கவனித்து வரும் என் பெண்மக்கள்’ என்றுதான் வந்தது.

“எங்க அய்யா எழுதினதும் இதானே அக்கா. இதுல நான் இல்லைன்னு எங்கன இருக்கு?”

அவள் விரலை அந்த ஆங்கில வரியின் மேல் வைத்துக்கொண்டு கேட்டாள். எனக்குக் காட்ட ஒன்றுமில்லை. இல்லாத இரண்டு கமாவை எப்படிக் காட்டுவது? மொழிபெயர்ப்பில் அப்படி வந்திருக்கிறது, அதை வைத்து முடிவு செய்திருக்கிறார்கள் என்றேன். வந்திருக்கிறது என்று சொன்னேன், நான் செய்தேன் என்று சொல்லவில்லை.

விடுதி போனது போகட்டும் என்றாள். கடைசி ஆறு மாதத்தில் அப்பா அவளிடம் போனில் அதிகம் பேசவில்லையாம். நெஞ்சுச் சளியால் பேச முடியவில்லை என்று அப்போது நினைத்தாளாம். இப்போது தீர்ப்பு வந்தபிறகு, கோபத்தில்தான் பேசாமல் இருந்திருக்கிறார், உயிலிலும் ஒதுக்கியிருக்கிறார் என்று தோன்றுகிறதாம். “நான் வேலைக்குப் போனதே தப்புன்னு நெனச்சுட்டாரு போலுக்கு” என்றாள். ஒரு தம்ளர் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுப் போனாள்.

அந்த வாரம் முழுவதும் எனக்கு வேலை ஓடவில்லை. உயிலை எழுதிய பத்திர எழுத்தர் ஆறுமுகம் அண்ணாச்சி ரிஜிஸ்டர் ஆபீஸ் பக்கம் இன்னும் உட்காருவது ஞாபகம் வந்து, சாப்பாட்டு நேரத்தில் அவரிடம் போனேன். அந்தப் பெரியவர் என்ன சொல்லி எழுதச் சொன்னார் என்று கேட்டேன். அண்ணாச்சிக்கு ஞாபகம் நன்றாக இருந்தது.

“எம் பிள்ளைகளுக்குன்னு சொன்னாரு. அவ்வளவுதான் சொன்னாரு.”

அப்படியானால் ‘பேணிக் கவனித்து வரும்’ என்பது?

“அது நான் எல்லா உயில்லயும் போடுததுதானே தாயி. அது இல்லாட்டி உயில் மொட்டையா இருக்கும்லா.”

இதைக் கோர்ட்டில் ஏன் சொல்லவில்லை என்றேன். கூண்டில் ஏற்றினார்கள், உயிலில் கையெழுத்துப் போட்டது அந்தப் பெரியவர்தானா என்று மட்டும் கேட்டார்கள், வேறு யாரும் ஒன்றும் கேட்கவில்லை என்றார். திரும்பி நடக்கும்போதுதான் உறைத்தது. அவர் எழுதிய உயில்கள் எத்தனை என் மேஜைக்கு வந்திருக்கின்றன. ஒவ்வொன்றிலும் அந்தத் தொடர் இருந்தது. ஒவ்வொரு தடவையும் யோசிக்காமல் கமா போட்டு மொழிபெயர்த்தவள் நான். இந்த ஒரு தடவைதான் எடுத்தேன்.

அன்று சாயங்காலமே சீனியரிடம் சொன்னேன். மொழிபெயர்ப்பு தப்பு என்று நான் ஒரு மனு எழுதிக் கொடுத்தால் வழக்கை மறுபடி பார்ப்பார்களா என்று கேட்டேன். அவர் ஆச்சரியப்படவில்லை. அது வெறும் வாடிக்கைத் தொடர் என்பது அவருக்கு முதலிலேயே தெரிந்திருந்தது என்று அவர் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். அலமாரியிலிருந்து அந்த வழக்குக் கட்டை எடுத்து மொழிபெயர்ப்பின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி வைத்தார்.

“கையெழுத்து உன்னது. இதுல எங்கயாவது நான் போட்டிருக்கேனா, பாரு.”

பார்த்தேன். எங்கேயும் இல்லை. முப்பது வருஷத்துக் கட்டுகளிலும் அப்படித்தான் என்பது அன்றைக்குத்தான் மண்டையில் ஏறியது. தப்பு என்று தாராளமாக எழுது, பொய்ச் சான்று கொடுத்ததாக உன்மேல்தான் வரும் என்று மெதுவாகவே சொன்னார். அந்த வாரம் சனிக்கிழமை குமாஸ்தா மூலம் சேதி வந்தது. திங்கட்கிழமையிலிருந்து நான் வரவேண்டாம். என் ஸ்கேலையும் டிபன் பாத்திரத்தையும் எடுத்துக்கொண்டு இறங்கினேன். என் ஓய்வு அப்படி வந்தது. மாலை, சால்வை எதுவும் கிடையாது. நல்லதாகப் போயிற்று, அதையெல்லாம் வாங்கிக்கொண்டு நிற்க எனக்கு முகம் இல்லை.

அடுத்த நாள் எங்கள் தெரு நர்ஸிடம் விசாரித்துக்கொண்டு கோமதி வீட்டுக்குப் போனேன். மொழிபெயர்த்தது நான்தான், கமாவை எடுத்தது நான்தான், அண்ணாச்சி சொன்னது இது என்று எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். முடித்ததும் ஒரே கேள்வி.

“அப்போ அந்த வார்த்தையை எங்க அய்யா சொல்லவே இல்லையா?”

இல்லை, பிள்ளைகளுக்கு என்று மட்டும்தான் சொல்லியிருக்கிறார் என்றேன். அவள் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றாள். அழுதாளா என்று தெரியாது, முதுகுதான் தெரிந்தது. திரும்பி வந்தபோது முகத்தைத் துடைத்திருந்தாள்.

“நான் உங்க வீட்டுல வந்து உக்காந்திருந்தேம்லா. அன்னைக்கே சொல்லியிருக்கலாம்.”

சொல்லியிருக்கவேண்டும்தான் என்றேன்.

நான் சொன்னதை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொன்னாள். கோர்ட்டுக்கு அல்ல, இனி கோர்ட்டுப் படி ஏற அவளிடம் தெம்பு இல்லை. அக்காமாருக்குக் காட்ட. எழுதிக் கொடுத்தேன், தமிழில், பதினைந்து வரி. எச்சம் ஒன்றுகூட வராமல் சின்னச் சின்ன வாக்கியமாக எழுதினேன். வாசித்துப் பார்த்துவிட்டு மடித்துக்கொண்டாள்.

பிறகு நாலைந்து மாதம் கழித்துப் புது பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்தேன். சாரல் ஆரம்பித்திருந்தது, குற்றாலம் போகிற கூட்டம் முண்டியடித்தது. நான் இருந்த பெஞ்சில் இடம் இருந்தும் அவள் உட்காரவில்லை. அக்கா என்றும் கூப்பிடவில்லை. தாளைக் காட்டினாயா என்று நானாகக் கேட்டேன். காட்டினாளாம். விடுதியில் அறையெல்லாம் நிறைந்து கிடந்த நேரம், பெரியக்கா சாவிக்கொத்தோடு நின்றபடியே அதை வாங்கி மேலும் கீழும் பார்த்தாளாம். பிறகு திருப்பிக் கொடுத்தாளாம்.

“என்ன சொன்னா?” என்றேன்.

பஸ் வந்துவிட்டது. ஏறுவதற்கு முன்னால் சொன்னாள்.

“இது தமிழ்லல்லா இருக்குன்னு சொன்னா. கோர்ட்டு இங்கிலீஷ்லல்லா சொல்லியிருக்குன்னுட்டா.”